மெதுவாக ஓடச் சொன்னவள்

அத்தியாயம் பதினான்கு

மாமா காசாமாவுக்குப் பஸ் ஏறிப் போன நாளிலிருந்து சிதாலு தன் அம்மாவிடம் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தான், தட்டைக் கழுவி வைத்தான், வேலைக்குப் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சத்தமாகச் சாத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமா வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். பீன்ஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தங்கை வீட்டுச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்த சந்தோஷத்தில் பழைய கதையை எடுத்தார். லோம்பே பிறக்கும்போது தலைப்பிரசவக்காரியான தங்கையைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்தானாம். அதைக் கேட்ட சிதாலுவின் கையில் இருந்த இன்ஷிமாச் சோளக்களி உருண்டை வாய்க்குப் போகவில்லை. செத்துப்போன பெரியம்மாவின் மகள் என்று இத்தனை வருஷமாக அவன் நம்பியிருந்த லோம்பே, அவனுடைய கூடப்பிறந்த அக்கா.

எப்படி மறைத்தார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பெம்பா ஜனங்களில் அது ஒன்றும் கஷ்டமில்லை. அம்மாவின் அக்காவும் அம்மாதான், அவள் மகளும் அக்காதான். லோம்பே சிதாலுவின் அம்மாவை அம்மா என்றாலும், இவள் கணவரை அப்பா என்றாலும், தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இந்த வசதியில்தான் அந்தப் பொய் அந்த வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

கூப்பிடும் பெயரில் மட்டும்தான் சிக்கல். பிள்ளை பெற்றவளுக்கு இங்கே சொந்தப் பெயர் போய்விடும். தலைப்பிள்ளையின் பெயரோடு சேர்த்து, பானா இன்னார் என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது இன்னாரின் அம்மா. தகப்பன் பாஷி இன்னார். சாகும்வரை அதுதான் பெயர். சுரங்கத்தில் வேலை கிடைத்து லுவான்ஷாவுக்குக் குடிவந்த அன்றே அவள் கணவர் பக்கத்து வீட்டாரிடம் தன்னை பாஷி சிதாலு என்று சொல்லிக்கொண்டார். மனைவியின் முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தையைக் காட்டினார். கதவோரம் நின்ற சிறுமியை, மனைவியின் இறந்துபோன அக்கா பெண் என்றார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மூடியதுதான்.

சிதாலுவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவன், லோம்பேயை முன்னிட்டுத்தான் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று ஓட்டமும் பந்தும் பழக்கும் ஒரு குழுவை ஆரம்பித்தான். முதல் வருஷம் வீடு வீடாக ஆள் தேடிப் போனான். அப்படி யாரும் எங்கள் வீட்டில் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதனால் அவன் ஒன்று பழகிக்கொண்டான். கொல்லைப்பக்கம் கொடியில் காயும் துணிகளைப் பார்ப்பான். வீட்டில் இருப்பதாகச் சொன்ன யாருக்கும் பொருந்தாத ஒரு சட்டை தொங்கினால், உள்ளே ஒருவர் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். மறுபடி மறுபடி போய்த் தட்டுவான். ஊரார் கொல்லையை எல்லாம் இப்படி எட்டிப் பார்த்தவன், தன் வீட்டுக் கொடியைப் பார்க்கத் தவறிவிட்டான். அது அவனைச் சுட்டது.

அந்தச் சனிக்கிழமை மாவட்டப் போட்டி.

அம்மா இதுவரை ஒருமுறைகூட மைதானத்துக்கு வந்ததில்லை. லோம்பே ஓடுவதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சுறுதி கிடையாது. ஆனால் மகன் பேசாமல் இருக்கும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. சர்ச் பெண்கள் சங்கத்தினர் ஓட வருபவர்களுக்குக் குடிக்கக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அவளும் ஒரு பெரிய வாளியில் முன்கோயோ என்ற சோளக்கஞ்சிப் பானம் காய்ச்சி ஆற வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லோம்பேக்குத் தலைகால் புரியவில்லை. மினிபஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம், "எங்கம்மா இன்னிக்கு என்னைப் பார்க்க வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜூலை மாதக் குளிர் காற்று செம்மண்ணை வாரி வாரி இறைத்தது. சுரங்கத் தொழிலாளர் மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் பெரிய கறையான் புற்றின் மேல் சனம் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுப்புச் சாம்பலால் கோடு போட்டிருந்தார்கள். அதன் இரு புறமும் சிதாலுவின் குழுவான மஞ்சள் சட்டைக்காரர்கள் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து சிலர் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் கொடியை இறக்கித்தான் ஓட்டம் ஆரம்பிப்பது.

முடிவுக் கோட்டிலும் ஒரு ஏற்பாடு உண்டு. ஓடி வருபவர் ஒவ்வொருவருக்கும், நன்றாகத் தெரிந்த ஒருவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சிலர் கோட்டைக் கண்டதும் நின்றுவிடுவார்கள், சிலர் வந்த வழியே திரும்பி ஓடுவார்கள். லோம்பேயைக் கூப்பிடுவது எப்போதும் சிதாலுதான்.

காலையில் எல்லோரையும் ஓடவிட்டு, வேகம் ஒத்து வருபவர்களை ஒரு கூட்டமாகச் சேர்ப்பார்கள். மத்தியானம் அந்தந்தக் கூட்டத்துக்குள் போட்டி. மெதுவாக ஓடுபவளுக்கும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு வேண்டும் இல்லையா, அதற்குத்தான் இது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. காலையில் ஓடியதைவிட மத்தியானம் மிக வேகமாக ஓடினால், காலையில் ஏமாற்றியதாக எடுத்துக்கொண்டு நீக்கிவிடுவார்கள். பயிற்சியாளரே சொல்லித்தான் அப்படி ஓடினார் என்று தெரிந்தால் அவருடைய குழு முழுவதும் வெளியே போக வேண்டியதுதான்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் அவளோடு பேசுவதில்லையே.

லோம்பேயின் காலை ஓட்டம் வருவதற்கு முன் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். லோம்பேக்கு இருபத்தாறு வயது. ஆனாலும் குனிந்து கயிறு கட்டும்போது அம்மாவின் தலையில் கை வைத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை.

"லோம்பே, அம்மா ஒண்ணு சொல்றேன், கேப்பியா?"

"கேப்பேன்."

"மெதுவா ஓடு. விழுந்துடாதம்மா. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

லோம்பே கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அம்மா சொன்னால் அது அப்படியே நடக்கும். பாத்திரத்தை அந்த அலமாரியில் வை என்றால் ஐந்து வருஷம் கழித்தும் அந்த அலமாரியில்தான் இருக்கும்.

கொடி இறங்கியது. மற்றவர்கள் பாய்ந்து போனார்கள். லோம்பே, தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போகிறவள் போல, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற சிதாலு தொண்டை கிழியக் கூப்பிட்டான். அவள் சிரித்தாளே தவிர வேகத்தைக் கூட்டவில்லை. கடைசியாக வந்து சேர்ந்து, "சரியா ஓடினேனா?" என்று கேட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. காலில் வலியா, வயிற்றில் வலியா என்று கேட்டுப் பார்த்தான். எதுவும் இல்லை. மெதுவாக ஓடினால்தான் சரி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மத்தியானப் போட்டிக்கு முன்னால் நடுவர் மேஜைக்குப் போய், இவள் இதைவிட வேகமாக ஓடுகிறவள், வேகக்காரர்கள் கூட்டத்தில் மாற்றுங்கள் என்று சொன்னால் மாற்றிவிடுவார்கள். சிதாலு அதற்குத்தான் கிளம்பினான். அதற்குள் அவன் குழுவில் இருக்கும் கலுபா கறையான் புற்றின் உச்சியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். நல்ல வார்த்தை சொல்லி அவனை இறக்கிக்கொண்டு வருவதற்குள் ஒலிபெருக்கியில் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். போன மாதம் சிதாலு பயிற்சி கொடுக்கும் மைதானத்துக்கு வந்து லோம்பே ஓடுவதைப் பார்த்திருந்த வேறொரு பயிற்சியாளர் புகார் கொடுத்திருந்தார். தானாகப் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இப்போது விசாரணையாகிவிட்டது.

தலைமை நடுவர், நமாசிக்கு என்ற பெயருடைய டீச்சர். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. இந்தப் பிள்ளைகளுக்குப் பரிதாபம் காட்டுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஓட வந்தால் ஓட்டக்காரர், அவ்வளவுதான். போன வருஷம் வேகமானவர்களைக் காலையில் நடக்கவிட்டு மத்தியானம் மெடல்களை அள்ளிக்கொண்டு போன ஒரு குழுவை அவர் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார். மெதுவாக ஓடுகிறவர்களின் கையிலிருந்து மெடலைப் பறித்த பாவம் என்று இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிதாலு தனக்குக் காரணம் தெரியாது என்றான். அவர் நம்பவில்லை. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு லோம்பேயை எதிரே உட்கார வைத்தார். குரலை உயர்த்தவில்லை, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"நீ மெதுவா ஓடினியா?"

"ஆமா." லோம்பேக்குப் பெருமை தாங்கவில்லை. "ரொம்ப மெதுவா."

"யார் அப்படி ஓடச் சொன்னா?"

"அம்மா சொன்னாங்க."

டீச்சர் நிமிர்ந்து சிதாலுவைப் பார்த்தார். இந்தப் பெண்ணின் தாய் காலமாகிவிட்டதாகவும், சித்தி வளர்ப்பதாகவும் குழுவில் பெயர் சேர்க்கும்போது சொல்லியிருந்தவன் அவன்தான்.

"வளர்க்கிற அம்மான்னா உன்னோட அம்மா. உன்னோட அம்மா இவகிட்ட மெதுவா ஓடச் சொல்லியிருக்காங்க. நீ பயிற்சியாளர், உனக்குத் தெரியாது. இதை நான் நம்பணும்?"

சிதாலுவின் பார்வை முன்கோயோ வாளிகள் இருந்த பக்கம் போனது. அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். மேஜையில் பேசுவது அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவளுக்கு மட்டுமா, பக்கத்தில் நின்ற பெண்கள் சங்கம் முழுவதற்கும் கேட்டது.

லோம்பேயைப் பெற்றவளும் அவள்தான் என்ற உண்மை அவனுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது அவன் சொல்ல வேண்டியது இல்லை. அவன் சொன்னால் அவளைச் சபையில் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும், அவள் சொன்னது போல ஆகாது.

டீச்சர் தீர்ப்பைச் சொன்னார். லோம்பே மட்டுமல்ல, மஞ்சள் சட்டைக்காரர்கள் யாரும் மத்தியானம் ஓட முடியாது.

கலுபாவுக்குக்கூட அது புரிந்துவிட்டது. காலையில் முதலாவதாக வந்தவன் அவன். கழுத்தில் மாட்டியிருந்த எண் எழுதிய துணியைக் கழற்றி, மடித்து, சிதாலுவின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் தரையில் உட்கார்ந்தான். வீடு வீடாகக் கதவைத் தட்டி வெளியே கூட்டிவந்த பிள்ளைகள். நாளைக்கு இவர்களுடைய வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று சிதாலுவுக்குத் தெரியும். இதற்குத்தான் அனுப்ப வேண்டாம் என்றோம் என்பார்கள்.

அப்போதுதான் அகப்பை வாளிக்குள் விழுந்தது.

மேஜைக்கு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தாள். மனதைத் திடப்படுத்திக்கொள்ள எங்கள் பெண்கள் அதைத்தான் செய்வார்கள்.

"நான்தான் சொன்னேன், டீச்சர். இவனுக்குத் தெரியாது. இவன் என்கூடப் பேசி ஒரு வாரமாச்சு."

எதற்காகச் சொன்னாய் என்று டீச்சர் கேட்டார். வளர்ப்புப் பெண் ஓடினால் உனக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்டார். அது குத்தலாகத்தான் இருந்தது.

"பயம்." அவள் லோம்பேயைப் பார்க்காமல் பேசினாள். "சின்னதுல ஒரு கல்யாணத்துல மத்த புள்ளைங்களோட ஓடினா. விழுந்து இழுத்துக்கிச்சு. வாயில நுரை. நுரை பட்டா ஒட்டிக்கும்னு எல்லாரும் தள்ளி நின்னாங்க. பெத்தவரும் தள்ளித்தான் நின்னார். நான் ஒருத்திதான் தூக்கினேன். அப்புறம் இவளை நான் ஓட விடவே இல்லை. மாத்திரை குடுத்து அது நின்னே பல வருஷமாச்சு. என் பயம் நிக்கல."

"பெத்தவருன்னா?" டீச்சர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "இவளோட அப்பாவை நீ அப்பப் பார்த்தியா?"

"தினமும் பார்க்கறேன். என் வீட்டுக்காரர்தான்."

பெண்கள் சங்கத்தில் எல்லோரும் மேஜைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே முன்வரிசையில் நின்றது பானா கப்பியா. அடுத்த வீட்டுக்காரி. இருபது வருஷமாக வேலிக்கு மேலே உப்பும் கரியும் வாங்கிக் கொடுத்துப் பழகியவள்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "நீ பானா சிதாலு இல்லையா?"

"அது அவர் வெச்ச பேரு, டீச்சர். நான் பானா லோம்பே."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்றிலும் அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. சொன்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லோம்பே மட்டும் அதில் புதிதாக எதுவும் இல்லாதது போலத் தலையாட்டினாள். அவளுக்கு இவள் எப்போதும் அம்மாதானே.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் ஒரு தலைப்பிள்ளையின் பெயரைச் சுமக்கிறவர். ஒரு தாய் தன் தலைப்பிள்ளையை ஊரறிய இன்னொருத்தியின் பிள்ளை என்று வைத்திருந்ததை இப்படிப் பொது இடத்தில், சர்ச் பெண்கள் காதில் விழ, ஒரு மெடலுக்காக யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள். அந்த அவமானத்துக்கு முன்னால் மெடல் எம்மாத்திரம்? பக்கத்தில் இருந்த மற்ற நடுவர்களோடு இரண்டு வார்த்தை பேசினார்.

குழு ஓடலாம். ஆனால் லோம்பே மெதுவானவர்களோடு ஓடக் கூடாது, வேகக்காரர்களோடுதான் ஓட வேண்டும். அங்கே அவளுக்கு மெடல் கிடைப்பது சந்தேகம், சம்மதமா என்று சிதாலுவைக் கேட்டார்.

"அதுதான் டீச்சர் அவ இடம்," என்றான்.

மத்தியான ஓட்டத்துக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது லோம்பே சாம்பல் கோட்டை விட்டுவிட்டு அம்மாவிடம் நடந்து வந்தாள். முக்கியமான ஒன்றை அவள் கேட்கவில்லையாம்.

"இப்ப எப்படி ஓடணும்?"

"உனக்கு எப்படி வருமோ அப்படி."

"வேகமாவா?"

"வேகமா."

"விழுந்தா?"

அம்மா குனிந்து அவள் ஷூ கயிற்றை மறுபடி இறுக்கினாள். கட்டி முடித்ததும் லோம்பே திரும்பிப் போய்விட்டாள். சிதாலு வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம், தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் அவளை நிறுத்தினான். தான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

கொடி இறங்கியது. இப்போது ஓடியவளைக் காலையில் பார்த்த யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள். முழங்கைகளை அகட்டிக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண்களுக்குச் சமமாக வந்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் பெண்ணுக்கு இப்படி ஓட வரும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாதி தூரத்தில் லோம்பே விழுந்தாள்.

செம்புழுதி எழுந்து அடங்கியது. மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். புற்றின் மேலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான், யாரோ அவனை அடக்கினார்கள். லோம்பே கைகளை ஊன்றியபடி அசையாமல் கிடந்தாள். இருபது வருஷம் எதை நினைத்து அந்தத் தாய் தூங்காமல் இருந்தாளோ, அது அவள் கண்ணெதிரே நடந்துவிட்டது. செருப்பைக்கூட விட்டுவிட்டு அவள் கோட்டைத் தாண்டக் காலை எடுத்தாள்.

"அம்மா."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"உள்ள போனீங்கன்னா அவ ஓட்டம் செல்லாது. யாரும் தொடக் கூடாது. கூப்பிடுங்க."

"அடி பட்டிருக்குடா."

"எந்திரிப்பா. கூப்பிடுங்கம்மா, நீங்க கூப்பிட்டா வருவா."

அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வீட்டுக் கொல்லையில் தாழ்ந்த குரலிலேயே கூப்பிட்டுப் பழகிய பெயர். வேலிக்கு வெளியே கேட்டுவிடக் கூடாது என்று அடக்கி அடக்கிக் கூப்பிட்ட பெயர். இரண்டாம் தடவை அது வந்தது. அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு பெரிய குரலில் வந்தது.

"லோம்பே! அம்மா இங்க இருக்கேன், வா!"

லோம்பே தலையைத் தூக்கினாள். குரல் வந்த பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு இன்னொன்றை ஊன்றி எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், அவசரம் ஒன்றும் இல்லாதது போல. பிறகு ஓடி வந்தாள். கோட்டில் நிற்கவில்லை. நேராக வந்து அம்மாவின் மேல் மோதியதில் இரண்டு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். எல்லோருக்கும் கடைசி.

"விழுந்துட்டேன்மா."

"பார்த்தேன்டி."

"எந்திரிச்சுட்டேன்."

அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பெண்ணின் புழுதித் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மறைவாக அழவில்லை, அழுகையை மறைக்க வேண்டிய காலம் அன்றைக்குக் காலையோடு முடிந்துவிட்டது. லோம்பே அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்குக் கொடுக்கும் ரிப்பனை டீச்சரே வந்து சட்டையில் குத்திவிட்டுப் போனார்.

வாளிகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது பெண்கள் சங்கத்தில் பாதிப் பேர் அம்மாவிடம் பேசவில்லை. அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். பானா கப்பியா எல்லோருக்கும் முன்னதாக மினிபஸ் பிடித்துப் போய்விட்டிருந்தாள். அப்பாவின் காதில் போடத்தான் அத்தனை அவசரம் என்று சிதாலுவுக்கும் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்தது. சங்கத்திலேயே வயதில் இளையவள் ஒருத்தி மட்டும் அகப்பையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். "இந்தாங்க, பானா லோம்பே," என்றாள். அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. பிறகுதான் அகப்பையை வாங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சிதாலு வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தான். தெருமுனையில், அப்பாவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. அவர் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். வழக்கமாக வந்ததும் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உட்காருவார். இன்றைக்குப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பானா கப்பியா வீட்டில் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அம்மா அவரைத் தாண்டி நடந்தாள். லோம்பேயைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கல்லில் உட்கார வைத்து, முழங்காலில் காய்ந்திருந்த ரத்தத்தின் மேல் தண்ணீர் விட்டாள். சிதாலு வாளியோடு கதவருகே நின்றுவிட்டான்.

"பானா சிதாலு," என்று அவர் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. காயத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தள்ளினாள்.

"பானா சிதாலு."

இந்த முறை குரல் உயர்ந்திருந்தது. இருபது வருஷத்தில் அவர் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டி வந்ததே இல்லை. லோம்பே அம்மாவின் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா கூப்பிடறாங்க."

"என்னை இல்லம்மா," என்றாள் அவள். "காலைக் காட்டு."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் குழாயடியை நோக்கி வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, தண்ணீரையும் நிறுத்தவில்லை.